இந்தச் சீட்டு எத்தனை நாள் செல்லும்?

டயர் வேகும் வாசனை தெரியுமா உங்களுக்கு? தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டி வேகவைக்கும்போது எழுவது. மழை நின்ற தார்ச்சாலையை யாரோ வாணலியில் போட்டு வதக்குவது போல இருக்கும். போன வாரம் சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்தேன். நாமக்கல்லுக்குச் சற்று முன்னால் ஒரு பட்டறையைத் தாண்டும்போது அந்த வாசனை சன்னல் வழியாக ஏறி என் மடியில் உட்கார்ந்துகொண்டது. கூடவே ஒரு குரலும் ஏறியது.

"ஏனுங் சார், இந்தச் சீட்டு எத்தன நாளைக்குங்க செல்லும்?"

லாரி ஓட்டுநர்களுக்கான நலவாழ்வு மையத்தில் ஆலோசகர்களாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். என்ன எழுதுவது என்று ஒரு மாதமாக அலைந்துகொண்டிருந்தேன். அந்த வாசனை முடிவு செய்துவிட்டது. எப்படிக் குறிப்பெடுப்பது, எந்தப் பதிவேட்டில் எதை நிரப்புவது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். நான் சொல்லப்போவது என் வாய் செய்த ஒரு தவற்றைப் பற்றி.

நம் மையம் அப்போது புறவழிச்சாலை ஓரத்தில் ஒரு வாடகை அறை. இந்தப் பக்கம் டயர்ப் பட்டறை, அந்தப் பக்கம் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை. ஒரு காதில் சுத்தியல், மூக்கில் ரப்பர். தேநீர்கூட ரப்பராகத்தான் இருக்கும். பலகையில் என்ன எழுதியிருந்தாலும் ஓட்டுநர்களுக்கு அது "ஊசி ரூம்". உள்ளே இரண்டே பேர். ரத்தம் எடுக்கும் ஆய்வக உதவியாளர் ஒரு பெண்; என்னைவிட எட்டு வயது இளையவர்; எல்லோரும் அவரை அம்மணி என்றே கூப்பிடுவார்கள். இன்னொருவன் நான். மேசை, இரண்டு நாற்காலி, ஒரு திரைச்சீலை, பேசத் தெரியும் என்கிற கர்வம். என் மூலதனம் அவ்வளவுதான்.

வருபவர் யாரும் வந்த காரியத்தைச் சொல்ல மாட்டார். கண் எரிச்சல் என்பார், முதுகு என்பார். கூட்டாளிக்காகக் கேட்கிறேன் என்று சொல்லி, கூட்டாளிக்கு எங்கே அரிக்கிறது என்பதைத் தன் தொடையில் காட்டுவார். இதெல்லாம் உங்களுக்கும் பழகிவிடும். பழகுவதில்தான் ஆபத்து.

செல்வராசு அப்படிச் சுற்றி வளைக்கவில்லை. நாற்பதை ஒட்டிய வயது, ஒடிசலான உடம்பு, ஆட்டையாம்பட்டிக்காரர். சேலத்திலிருந்து ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரா போய், வெங்காயத்தோடு திரும்புவார். ஒரு நடைக்குப் பத்து, பன்னிரண்டு நாள். உள்ளே வந்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டு, "எல்லாத்தயும் பாத்துருங்க சார்" என்றார். எச்.ஐ.வி., பால்வினை நோய், இரண்டுக்கும் பார்த்தோம். ஒன்றுமில்லை. எப்போது தொடர்பு என்று கேட்டேன். நாலு மாதத்துக்கு முன்னால், ஒரே ஒரு தடவை, வடக்கே ஒரு ஊரில் என்றார். நாலு மாதம் ஆகியிருந்தால் இந்த முடிவை நம்பலாம், கவலையில்லாமல் வீட்டுக்குப் போங்கள் என்றேன்.

அப்போதுதான் முடிவு எழுதிய சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டார். எத்தனை நாள் செல்லும்?

யோசித்துப் பாருங்கள். அவர் கையில் வந்து சேரும் எந்தக் காகிதத்துக்கும் ஒரு கடைசித் தேதி உண்டு. பர்மிட், இன்சூரன்ஸ், புகைச் சான்று, வண்டி ஓடத் தகுதியானதுதான் என்று சொல்லும் எஃப்.சி. எல்லாமே ஒரு நாள் காலாவதியாகும். மறுபடி எடுக்க வேண்டும். மனித ரத்தத்துக்கும் அப்படி ஒரு தேதி இருக்கும் என்று ஒரு லாரிக்காரர் நினைப்பதில் என்ன ஆச்சரியம்? எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. வெளியே ஏழு பேர் காத்திருந்தார்கள். வாய் சும்மா இருக்குமா?

"அடுத்த தப்புப் பண்ற வரைக்கும் செல்லுமுங்க" என்றேன்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நடை முடிந்ததும் வந்தார். அதற்கடுத்த நடை முடிந்ததும் வந்தார். ஒவ்வொரு முறையும் சட்டைக் கை மேலே ஏறும். ஒவ்வொரு முறையும் ஒன்றுமில்லை. மறுபடி எங்கேயாவது போனீர்களா என்று கேட்பேன், இல்லை என்பார். நான் நம்பவில்லை. ஆணுறைப் பொட்டலங்களை அள்ளிக் கொடுத்து, பாடமும் நடத்தினேன். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரித் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். ஒன்றுமில்லை என்று நான் சொல்லும் கணத்தில் அவர் முகம் ஒரு சுருக்கம் சுருங்கும். ஓட்டிவந்த களைப்பு என்று எழுதிக்கொண்டேன். மனதில்தான், பதிவேட்டில் அதற்குக் கட்டம் கிடையாது.

ஐந்தாவது முறை வந்து போனபோது அம்மணி கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்ணா, இந்தாளோட நரம்பு எனக்குக் கண்ண மூடினாலும் தெரியுது. ஒன்னுமில்லன்னா சந்தோசப்படாம, பரிச்சைல பெயிலான மாதிரிப் போறாரே, எதுக்குங்ணா?"

"பயந்த சுபாவம்."

"பயந்த சுபாவம்னு அவரு சொன்னாரா, நீங்க சொல்றீங்களா?"

அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ஆள் வராத நேரத்தில், ஒரு பெண் வாசலில் நின்றார். சேலையில் பஞ்சு ஒட்டியிருந்தது; தறி வேலையிலிருந்து நேராக பஸ் ஏறியிருக்கிறார். ஊசி ரூமுக்குள் பெண்கள் வருவது அபூர்வம். பாடி பட்டறையில் சுத்தியல் ஒரு நிமிடம் நின்றது. எல்லோரும் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். அம்மணி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

அந்தப் பெண் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காகிதத்தை மேசையில் வைத்து நீவினார். துவைத்த சட்டையோடு சேர்ந்து நனைந்து காய்ந்த காகிதம். நம் சீட்டு. நம் முத்திரை. செல்வராசுவின் எண்.

"என்ற ஊட்டுக்காரரு சட்டைல இருந்துச்சுங்க. பேரு மல்லிகாங்க எனக்கு. அவருக்கு என்னங்க?"

உங்களுக்குத் தெரியும். யார் வந்தார், எதற்கு வந்தார் என்று நாம் வாயைத் திறக்கக் கூடாது; மனைவியாக இருந்தாலும். நம் சீட்டில் பெயர்கூட இருக்காது, ஓர் எண் மட்டும்தான். அதைப் பிடித்துக்கொண்டேன்.

"இதுல பேரு இல்லீங்களே. இது யாருதுன்னு நாங்க எப்படிச் சொல்றது?"

"சீட்டுல பேரு இல்லாட்டிப் போவுது. சட்டை என்ற ஊட்டுக்காரருதுங்க. நாந்தான் துவைக்கறேன்."

"யாரு வந்தாங்க, வரலைங்கறத நான் சொல்லக் கூடாதுங்க. அது இங்க சட்டம்."

"அப்ப வந்திருக்காரு" என்றார்.

அம்மணி திரும்பி நின்று எதையோ தேடுவது போல அலமாரியைத் திறந்தார். சிரிப்பை மறைக்கத்தான்.

"மருந்துக் கடைல காட்டிட்டேனுங்க. ஒன்னுமே இல்லம்மா, நல்ல சீட்டுன்னு சொன்னாங்க. எனக்கு அதான் புரியல. ஒன்னுமில்லாத மனுசன் ஏனுங்க ஆறு மாசமா ஊட்டுல படுக்க மாட்டீங்கறாரு? வாராரு. குளிக்கறாரு. சோறு திங்கறாரு. பொழுதோட லாரிக்கே போயிடறாரு. பக்கத்துல போனா, என்னத் தொடாத, உனக்கு ஒட்டிக்கும்ங்கறாரு. என்ன ஒட்டிக்கும்னு கேட்டா வாயில கொழுக்கட்ட."

குரல் உயரவே இல்லை. தறி இரைச்சலில் வேலை செய்பவர்கள் சத்தமாகப் பேசுவார்கள். இவர் எனக்காகவே குறைத்துப் பேசினார் என்று பிறகு தோன்றியது.

"குமாரபாளையத்துல என்ற அண்ணன் தறி போட்டிருக்கறாரு. வந்து கூட இருந்துக்கன்னு கூப்புட்டுட்டாரு. வெள்ளிக்கிழம வண்டி கொண்டாராரு, சாமான் ஏத்த. நானும் புள்ளயும் போயிருவோமுங்க. அவரு மேல கோவத்துல இல்ல. காரணந் தெரியாம ஒரே ஊட்டுல இருக்க முடியலைங்க. நோவுன்னு சொன்னாக்கூட இருந்துருவேன்."

பத்தொன்பது வருடம் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். "ஒன்றுமில்லை" என்கிற சொல் ஒரு பெண்ணை வீட்டைவிட்டு அனுப்பும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

என்ன செய்வது? செல்வராசு இங்கே வருகிறார் என்று சொன்னால் சட்டத்தை மீறுகிறேன். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை வண்டி வந்துவிடும். மல்லிகா சொன்னதைச் செல்வராசுவிடம் நான் கொண்டுபோனால் அது இந்தப் பெண்ணுக்குச் செய்கிற துரோகம். அவரும் இங்கே வந்து பேசியவர்தானே. கடைசியில் ஒன்று சொன்னேன்.

"இதே கேள்விய அவருகிட்டக் கேட்டீங்களா? ஒன்னுமில்லன்னு சீட்டுல இருக்கு, அப்பறம் ஏன் தள்ளிப் படுக்கறீங்கன்னு?"

"சீட்டப் பாத்தத இன்னும் சொல்லலைங்க."

"சொல்லுங்க. பதில் வரலைன்னா ரெண்டு பேருமா இங்க வாங்க. யாரு ரெண்டு பேரு வந்தாலும் நாங்க பேசுவோமுங்க."

மல்லிகா சீட்டை மடித்து மறுபடி முடிச்சில் கட்டினார். "நீங்க கேக்க மாட்டீங்களா?" என்றார் கிளம்பும்போது.

கதவு மூடியதும் அம்மணி என்னைப் பார்த்தார். "அந்தம்மா பஸ் ஏறி வந்து கேட்ட கேள்விய அஞ்சு தடவையும் நம்ம ரூம்ல யாருமே கேக்கலைங்ணா."

யாருமே என்று அவர் பொதுவாகச் சொன்னது மரியாதைக்காக. கேட்க வேண்டியவன் நான் ஒருவன்தான்.

மறுநாளே செல்வராசு வந்தார். வழக்கமாக வரும் நாளில்லை. அவர் வண்டிக்கு எஃப்.சி. வந்திருந்தது. வருடத்துக்கு ஒரு முறை லாரியை நாமக்கல் பட்டறையில் விட்டுப் பிரித்துத் தட்டி, வர்ணமடித்து, ஆர்.டி.ஓ. முன் நிறுத்துவார்களே, அது. அந்த நாட்களில் ஓட்டுநருக்குப் போக்கிடம் இருக்காது. பட்டறை வாசலிலேயே சுற்றுவார். சட்டைக் கையை மடிக்கத் தொடங்கினார்.

"இன்னிக்கு ரத்தம் வேண்டாமுங்க" என்றேன். "வண்டிய எனக்குக் காட்டறீங்களா?"

ஏன் அப்படிக் கேட்டேன் என்று இன்றுவரை தெரியாது. என் மேசையில் அவர் ஒரு கை மட்டும்தான். முழு ஆளை எங்கே பார்க்கலாம் என்று யோசித்திருப்பேன் போல. அவர் தயங்கினார். பிறகு, "வாங்க" என்றார்.

பாதி வர்ணமடித்த லாரி. பக்கப் பலகைகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். கேபினில் ஏறினோம். அவர் தன் இருக்கையில் உட்கார்ந்ததும் முதுகு நிமிர்ந்தது. தலைக்கு மேல் ஒரு ரெக்சின் பை. ஆவணப் பை. கேட்காமலே எடுத்துக் காட்டினார்: ஆர்.சி., பர்மிட், இன்சூரன்ஸ், பழைய எஃப்.சி. அவற்றுக்குப் பின்னால், தேதி வரிசையில், நம் சீட்டுகள். அத்தனையும் நம்முடையவை அல்ல. சோலாப்பூர் பக்கத்தில் ஒன்று, கர்நாடகத்தில் ஒன்று. நான் கொடுத்த ஆணுறைப் பொட்டலங்கள் இருக்கைக்கு அடியில் பிரிக்கப்படாமல் குவிந்திருந்தன.

"மறுபடி எங்கயும் போகலைன்னு சொன்னது நெசந்தானுங்களா?"

"நெசமுங்க."

"அப்பறம் எதுக்கு இத்தன சீட்டு?"

"நீங்கதானுங்களே சொன்னீங்க. அடுத்த தப்பு வரைக்கும் செல்லும்னு. எனக்குத் தெனமும் அந்தத் தப்பு நடந்துட்டே இருக்குதுங்க."

"என்ன தப்பு?"

கைபேசியை எடுத்தார். "இந்த வீடியோவப் பாருங்க. எங்க டிரைவருங்க வாட்சப் குரூப்புலயே வந்துச்சு. யாரு வண்டின்னு தெரியாம எனக்கே அனுப்பிட்டாங்க." சிரிக்க முயன்றார்.

பார்க்க ஆசையாக இருந்தது. மறைக்க மாட்டேன். அந்தச் சின்ன வெளிச்சத்தில் என்ன இருக்கிறது என்று என் உடம்பு முழுக்க அரித்தது. இந்த வேலையில் இரண்டு ஆவல்கள் உண்டு, இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்பும். ஒன்று, என்ன நடந்தது என்று பார்த்துவிடத் துடிப்பது. இன்னொன்று, நடந்தது இவருக்குள் என்னவாக இருக்கிறது என்று கேட்பது. முதலாவதை விழுங்கினேன்.

"அத வைங்க. நீங்க சொல்லுங்க."

சொன்னார். உச்சி வெயில். நேர்ச்சாலை. தீவனக் கட்டு ஒன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஒரு பெரியவர் சாலை நடுத்தடுப்பின் சந்தில் வந்து நின்றார். நிற்கிறார் என்றுதான் இவர் நினைத்தார். நிற்கவில்லை; லாரி முன்னால் வந்துவிட்டார், அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. கூட்டம் சேர்வதற்குள் செல்வராசு ஓடிப்போய் ஸ்டேஷனில் தானே உட்கார்ந்துகொண்டார். முதலாளி வக்கீல் வைத்து வெளியே எடுத்தார், நல்ல மனுசன். மாற்று டிரைவர் வண்டியை நாமக்கல் கொண்டுவந்தார்.

"இதே பட்டறைங்க. பம்பர் மாத்துனாங்க. கண்ணாடி மாத்துனாங்க. பூசணிக்கா சுத்தி ஒடச்சாங்க, எல்லாச் சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சாங்க. நான் அந்தா, அந்த மரத்துக்கிட்ட நின்னுட்டிருந்தேன். என்னயும் சேத்துச் சுத்தச் சொல்லலாமான்னு இருந்துச்சு. கேக்க வெக்கமுங்க. நாப்பது வயசு ஆம்பள. அஞ்சாம் நாள் லோடு ஏத்திட்டாங்க."

பட்டறையில் யாரோ இரும்பைத் தட்டினார்கள். அவர் தோள் ஒவ்வொரு தட்டுக்கும் துள்ளியது. இத்தனை மாதம் என் அறையிலும் அந்தத் தோள் துள்ளியிருக்கும்.

அந்த நடையில் மூன்று நாள் தூக்கமில்லை. உடம்பில் சூடு ஏறிவிட்டது, எஞ்சின் சூடு, எங்கேயாவது போய் இறக்கிவிட்டு வா என்றார் கூட வந்த மாற்று டிரைவர். தாபாவுக்குப் பின்னால் ஒரு குடிசை. போனார்.

"ஒன்னுமே நடக்கலைங்க. உடம்பு எந்திரிச்சு வரல. உக்காந்து அழுதுட்டேன். அந்தப் பொம்பள பயந்துட்டுத் தண்ணி மோந்து குடுத்துச்சு. அன்னிலருந்து உடம்பு வரவே இல்ல. அப்ப எதோ ஒன்னு உள்ள வந்திருச்சுதானுங்களே? ஒரு உசுர எடுத்த ரத்தத்துல ஒன்னுமில்லாம எப்புடிங்க இருக்கும்? நீங்க ஒன்னுமில்ல ஒன்னுமில்லங்கறீங்க. எதாச்சு இருக்குதுன்னு சொல்லிட்டாத் தேவலைன்னு இருக்குமுங்க."

பரீட்சையில் தோற்ற முகம். அம்மணி பார்த்தது இதைத்தான். தண்டனை ஒன்று எங்கோ எழுதப்பட்டிருக்கிறது, அது ரத்தத்தில்தான் இருக்கும் என்று அவர் தேடியலைந்தார். நானோ ஒவ்வொரு முறையும் விடுதலை கொடுத்துத் திருப்பியனுப்பினேன். போதாக்குறைக்கு, அடுத்த தப்பு வரைக்கும் என்று ஒரு கடைசித் தேதியும் போட்டுக் கொடுத்தவன் நான்.

அடுத்துக் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. கேட்டால் இல்லாததை நாமே மூட்டிவிடுவோமோ என்று உங்களுக்கும் பயமாக இருக்கும். அப்படி ஆகாது. நேராகக் கேளுங்கள். சுற்றி வளைக்காதீர்கள்.

"செத்துப் போயிரலாம்னு தோணுதுங்களா?"

கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "தொப்பூர் மல எறக்கத்துல ரெண்டு தடவ தோணுச்சுங்க. அப்பறம், லோடு அடுத்தவங்களுதாச்சேன்னு பிரேக்கப் புடிச்சு எறக்கிட்டேன்."

அடுத்தவர் ஜவ்வரிசிதான் அவரை அதுவரை உயிரோடு வைத்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த முறை வாயைத் திறக்கவில்லை. பிறகு, "உங்க ரத்தத்துல ஒன்னுமில்லைங்கறது இன்னைக்கும் நெசம். ஆனா உங்களுக்கு ஒன்னுமில்லன்னு நான் சொன்னது தப்புங்க" என்றேன். "தூக்கம் போனதும், உடம்பு வராததும், சத்தத்துக்குத் துள்றதும் எல்லாம் அன்னிக்கு அந்த வெயில்ல நடந்ததுல இருந்து வந்தது. அதுக்கு வைத்தியம் இருக்குது. இப்பவே போலாம்."

தனியாக அனுப்பவில்லை. என் பைக்கில் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருந்த நாள், அதிர்ஷ்டம். கொஞ்ச நாளைக்கு ஸ்டியரிங் தொடக் கூடாது என்றார். சாவியைக் கொடுக்க முதலாளியிடம் போகும்போது செல்வராசு ஒன்றையே கேட்டுக்கொண்டு வந்தார். மனநோய் என்று தெரிந்தால் இனி எவன் வண்டி தருவான்? எவ்வளவு சொல்வது என்பதை அவரே முடிவு செய்யட்டும் என்று நான் வாசலோடு நின்றுகொண்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். முதலாளி கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "எனக்குத் தோணவே இல்லையேப்பா. வண்டிக்கு எல்லாஞ் செஞ்சமே" என்றார். அது மன்னிப்பா, ஆச்சரியமா? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வியாழக்கிழமை செல்வராசுவும் மல்லிகாவும் ஒன்றாக வந்தார்கள். முந்தின நாள் வீட்டுக்குப் போனதும் சீட்டை முன்னால் வைத்துக் கேட்டிருக்கிறார் மல்லிகா. இவருக்குச் சொல்ல வரவில்லை. ஊசி ரூமுக்கு வா, அங்கே சொல்கிறேன் என்றிருக்கிறார். நான் திரைச்சீலையை இழுத்துவிட்டு, கூடுமானவரை நாற்காலியாக மாறி உட்கார்ந்தேன். பெரியவர், பூசணிக்காய், குடிசை எல்லாம் வந்தன. மல்லிகா முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ஆறு மாசம் இத வெச்சுக்கிட்டா என்ற சோத்தத் தின்னீங்க?"

செல்வராசு சட்டைக் கையை மடித்தார், மறுபடி இறக்கிவிட்டார்.

"அந்தப் பொம்பள தண்ணி குடுத்தாளா?"

"குடுத்துச்சு."

"நான் குடுத்திருக்க மாட்டனா?"

திரைக்கு அந்தப் பக்கம் அம்மணி ஏதோ பாட்டிலைக் கீழே வைத்த சத்தம் மட்டும் கேட்டது. மல்லிகா மன்னித்தாரா என்று கேட்பீர்கள். தெரியாது. மன்னிப்பு நம் பதிவேட்டில் வருவதில்லை. அதைத் தேடிப் போகாதீர்கள். வெளியே வந்ததும் அவர் தன் கைபேசியில் அண்ணனைக் கூப்பிட்டார். "நாளைக்கு வண்டி வேண்டாமுங்ணா. இல்ல, இல்ல. அடுத்த வாரமும் வேண்டாம். அப்பறம் பேசறேன்." அவ்வளவுதான் நான் கேட்டது.

சாலைக்கு எதிர்ப்பக்கம் பஸ் நிற்கும். வழியனுப்பப் போனேன். டயர்ப் பட்டறை அடுப்பு அப்போதுதான் சூடேறி வாசனை கிளம்பியிருந்தது. செல்வராசு மருத்துவர் கொடுத்த அட்டையைப் பையிலிருந்து எடுத்து, பழக்க தோஷம், திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங் சார், இது எத்தன நாளைக்குங்க?"

அதே கேள்வி. நாக்கு நுனியில் ஏதோ ஒரு வேடிக்கை ஏறி வந்தது. விழுங்கிவிட்டேன்.

"தெரியலீங்க. நாள் ஆகுமுங்க. ரெண்டு வாரத்துல மறுபடி வாங்க. சட்டைக் கைய மடிக்க வேண்டாம்."

தலையாட்டினார். சேலம் போகிற பஸ் புழுதியோடு வந்து நின்றது. அவர் ஏறப்போனார். மல்லிகா அவர் தோளை ஒதுக்கிக்கொண்டு படியில் முதலில் கால் வைத்தார்.

"தள்ளுங்க. வருசமெல்லாம் நீங்கதான் வேடிக்க பாத்துட்டுப் போறீங்க. இன்னிக்கு சன்னல் சீட்டு எனக்கு."